உபதேசியை மறந்த உபதேசம்

கோடை விடுமுறை தொடங்கியதும் தமிழ்நாட்டின் சபைகளிலும் பங்குகளிலும் சிறுவர்க்கான விடுமுறை வேதாகமப் பள்ளிகள் நடைபெறுவது நெடுநாள் வழக்கமாகிவிட்டது. அவற்றின் பொருட்டு வண்ணப் படங்கள் நிறைந்த பாடப்புத்தகங்களும், கையசைத்துப் பாடுதற்குரிய பாட்டுகளும், கைவேலைக்கான காகித அச்சுகளும் ஆண்டுதோறும் புதிது புதிதாக வெளிவருகின்றன. ஞாயிற்றுக்கிழமை தோறும் கூடும் ஓய்வுநாள் பாடசாலைக்கும் மறைக்கல்வி வகுப்புக்கும் அவ்வாறே வகுப்புவாரியாக நூல்கள் உண்டு. கைப்பேசியைத் திறந்தாலோ, உலகின் எந்தக் கோடியிலிருந்தும் வேத வியாக்கியானங்கள் வந்து குவிகின்றன. சாதனங்களுக்குக் குறைவென்று ஒருவரும் சொல்ல இயலாத இக்காலத்தில், அச்சாதனங்களைக் கையிலேந்திச் சிறுவர் முன்னே நிற்கும் மனிதரைப் பற்றிய சிரத்தை மட்டும் நம் ஸ்தாபனங்களில் நாளுக்கு நாள் அருகி வருகிறது. கிறிஸ்தவ உலகநோக்கைக் கற்பிப்பதற்குரிய தலையாய சாதனம் உபதேசியே என்பதும், உபதேசியை ஆக்குவதற்குரிய நூல்களே ஏனைய நூல்களுக்கு முன்னர் எழ வேண்டியவை என்பதும் இக்கட்டுரையின் துணிபு. இத்துணிபுக்குச் சாட்சி தேடி வெகுதூரம் செல்ல வேண்டுவதில்லை. ஏறத்தாழ நானூற்றெண்பது ஆண்டுத் தமிழ்க் கிறிஸ்தவ சரித்திரமே போதிய சாட்சியாக நிற்கிறது.

உலகநோக்கு என்று இங்கே குறிப்பது இன்னதென்று முதலில் தெளிவு செய்துகொள்ளுதல் நலம். ஒரு சமயத்தின் கோட்பாடுகளை வரிசைப்படுத்தி மனப்பாடம் செய்வித்தல் ஒன்று; அக்கோட்பாடுகளின் வெளிச்சத்தில் உழைப்பையும் செல்வத்தையும், நோயையும் மரணத்தையும், அரசையும் அயலானையும் நோக்கும் பழக்கத்தை உண்டாக்குதல் மற்றொன்று. ஸ்காட்லாந்தின் இறையியல் அறிஞர் ஜேம்ஸ் ஓர் 1893-ல் நூலாக வெளியிட்ட சொற்பொழிவுகளிலும், ஆபிரகாம் கைப்பர் 1898-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் நிகழ்த்திய உரைகளிலும் இந்த இரண்டாவது பொருளே விரிவாக ஆராயப்பட்டது. கைப்பர் போதகராகத் தொடங்கிப் பத்திரிகாசிரியராகி, 1880-ல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு சர்வகலாசாலையை நிறுவி, 1901-ல் நெதர்லாந்தின் பிரதம மந்திரியாகவும் ஆனவர். ஆதலால் சமயம் ஆலயத்தோடு நின்றுவிடாமல் கலை, விஞ்ஞானம், அரசியல் ஆகிய யாவற்றையும் நோக்கும் கண்ணாக வேண்டும் என்பதை அவர் வாதமாக மட்டுமன்றித் தம் வாழ்க்கையாகவும் கொண்டிருந்தார். படைப்பு, வீழ்ச்சி, மீட்பு, நிறைவு என்னும் நான்கு படிகளில் மனித சரித்திரம் முழுவதையும் அடக்கிக் காட்டும் முறை, இவர்கள் வழிவந்தோரால் பரவி, இன்று ஆங்கில நாடுகளிலிருந்து நமக்கு வந்து சேரும் பாடத்திட்டங்கள் பலவற்றின் சட்டகமாக அமைந்திருக்கிறது. சட்டகம் நல்லதே. ஆயினும் அந்நான்கு சொற்களையும் ஒரு பையன் பிழையின்றி ஒப்புவித்துவிட்டால் உலகநோக்கு அவனுக்குக் கைவந்துவிட்டதென்று கருதுவோமாயின், கோட்பாடுகளை வரிசைப்படுத்தும் பழைய இடத்துக்கே நாம் திரும்பிவிட்டவர்களாவோம். நோக்கு என்பது நோக்குகிற ஒருவரிடமிருந்தே மற்றொருவருக்குப் பற்றுவது.

இவ்வுண்மையை உணர்ந்து, கற்பிப்பவருக்கென்றே எழுதப்பட்ட தொன்மையான நூல்களுள் ஒன்று ஆப்பிரிக்காவின் வடகரையில் தோன்றியது. கி.பி. 400-ஐ ஒட்டிய காலத்தில், கார்த்தேஜ் நகரத்துத் திருத்தொண்டர் தேயோகிராத்தியாஸ் என்பவர், புதிதாக வந்து கேட்போருக்கு விசுவாசத்தின் தொடக்கப் பாடங்களைச் சொல்லும்போது தமக்கே சலிப்புண்டாகிறதென்றும், தம் பேச்சு தமக்கே சுவையற்றுப் போகிறதென்றும் முறையிட்டார். அதற்கு விடையாக அகுஸ்தினார் ஒரு சிறு நூலையே எழுதி அனுப்பினார். படைப்பு முதல் தம் காலத்துத் திருச்சபை வரையுள்ள கதையை எவ்வாறு தொடர்புபடுத்திச் சொல்லுவது என்பதற்கு நீண்ட மாதிரியுரை ஒன்றையும் குறுகிய மாதிரியுரை ஒன்றையும் அந்நூல் தருகிறது. எனினும் அதன் உயிர்நிலை, ஆசிரியனுக்கு ஏற்படும் மனச்சோர்வின் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்து பரிகாரம் கூறும் பகுதியே ஆகும். கேட்பவன் அசைவற்றிருப்பது, அறிந்தவற்றையே மீண்டும் மீண்டும் சொல்ல நேர்வது, விருப்பமான வேறு பணியை விட்டு இழுக்கப்படுவது ஆகிய சாமானியமான இடையூறுகளையெல்லாம் அவர் நாணாமல் பேசுகிறார். நாம் பலமுறை கண்டு பழகிய நகரத்தை, அதனை முன்பின் காணாத நண்பருக்குச் சுற்றிக் காட்டும்போது அவருடைய வியப்பினால் நமக்கும் அது புதிதாவது போல, மாணவனிடத்து அன்பிருப்பின் பழம்பாடமும் புதுமை பெறும் என்பது அவர் கருத்து. நெடுநேரம் நின்று கேட்பவன் களைப்புற்றிருப்பதைக் கண்டால் அவனுக்கு இருக்கை கொடுத்து அமர்த்த வேண்டும் என்றுகூட அவர் சொல்லியிருக்கிறார். மேற்கத்திய ஞானமரபின் பெரும் தத்துவாசிரியர் ஒருவர், மாணவனின் கால்வலியைப் போதனா முறையின் ஓர் அங்கமாகக் கருதினார் என்பது நாம் ஊன்றி நினைக்கத்தக்கது.

பதினோரு நூற்றாண்டுகளுக்குப் பின் ஜெர்மனியில் மார்ட்டின் லூத்தரும் இவ்வழியே கண்டார். சாக்ஸனி நாட்டுச் சபைகளைப் பார்வையிட்டபோது குடியானவர்க்கு மட்டுமன்றிப் போதகர் பலருக்குமே அடிப்படை உபதேசம் தெரியாதிருப்பதைக் கண்டு துணுக்குற்று, 1529-ல் அவர் வெளியிட்ட வினாவிடை நூல்கள் இரண்டு: வீட்டுத் தலைவன் தன் மக்களுக்கும் பணியாளருக்கும் சொல்லிக் கொடுக்கச் சிறியது, போதகர் தாமே அமர்ந்து படித்துத் தேறுவதற்குப் பெரியது. சிறிய நூல் உலகெங்கும் பரவிற்று. பெரிய நூலின்றிச் சிறிய நூல் பயன்படாது என்ற அதன் ஆசிரியரின் எண்ணம் அவ்வளவாகப் பரவவில்லை.

இனித் தமிழ்நாட்டுக்கு வருவோம். 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், தமிழறிந்தோர் துணைகொண்டு ஜெபங்களைத் தமிழில் வரைந்து தாமே நெட்டுருச் செய்து, கைமணி அடித்துக்கொண்டு தெருவழியே சென்று சிறுவரைக் கூட்டி அவற்றைச் சொல்லிக் கொடுத்த செய்தி பலரும் அறிந்ததே. அவர் ஓரிடத்தில் நிலைத்திருக்க இயலாதவராகையால், ஊர்தோறும் உள்ளூர்க்காரர் ஒருவரைக் கணக்கப்பிள்ளை என்ற பெயரால் உபதேசப் பணிக்கு நியமித்தார் என்பதும், அவர்களுடைய ஊதியத்துக்காக, முத்துக்குளித்துறையின் வருமானத்திலிருந்து போர்ச்சுகல் அரசியின் பாதரக்ஷைச் செலவுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்த தொகையை அரசியிடமே கேட்டுப் பெற்றார் என்பதும் அவ்வளவு பேர் அறிந்ததன்று. அச்சுக்கூடம் வருவதற்கு முன்பே, ஆலயங்கள் பெரிதாக எழுவதற்கு முன்பே, உபதேசியின் ஜீவனத்துக்கு வழி செய்தாக வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

அவருக்குப் பின் அக்கரையில் அரை நூற்றாண்டுக் காலம் உழைத்து 1600-ல் மறைந்த அன்றீக்கே அன்றீக்கஸ் பாதிரியார், தமிழிலக்கணத்தை முறைப்படுத்தி எழுதியதோடு, 1578-ல் கொல்லத்தில் பதினாறு பக்கமுள்ள ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் நூலையும், மறுவருஷம் கொச்சியில் ‘கிரீசித்தியானி வணக்கம்’ என்னும் வினாவிடை நூலையும், 1586-ல் அடியார்களின் சரிதங்களைத் தொகுத்த பெருநூல் ஒன்றையும் தமிழெழுத்தில் அச்சிட்டார். இந்திய மொழிகளுள் அச்சேறிய முதல் மொழி தமிழ் என்னும் பெருமை இவற்றால் வந்ததே. அச்சுச் செலவுக்குப் பொருளளித்தவர்கள் முத்துக்குளித்துறைப் பரதவர். இம்மூன்று நூல்களையும் சேர்த்து நோக்கினால் ஒரு பாடத்திட்டமே புலப்படுகிறது. ஜெபம் வாய்க்கு, வினாவிடை அறிவுக்கு, அடியார் சரிதம் பின்பற்றும் நடைக்கு என்று அவை தம்முள் பகுத்துக்கொண்டிருக்கின்றன. கோட்பாட்டை மட்டும் அச்சிட்டு நிறுத்திவிடாமல், அக்கோட்பாட்டின்படி வாழ்ந்தோரின் கதைகளுக்கே மிகுதியான காகிதத்தை அவர் செலவிட்டார்.

உபதேசியை நோக்கி எழுதும் இம்மரபு தமிழில் தன் சிகரத்தை எட்டியது வீரமாமுனிவரிடத்தில்தான். 1726-ல் முற்றுப்பெற்ற ‘தேம்பாவணி’யால் அவரைக் கவியாகவும், ‘சதுரகராதி’யால் அகராதியாசிரியராகவும் தமிழுலகம் போற்றுகிறது, ஆனால் அக்காப்பியத்துக்கு அடுத்த ஆண்டு அவர் எழுதிய ‘வேதியர் ஒழுக்கம்’ என்னும் வசன நூலைப் படித்தவர் இன்று மிகச் சிலரே. வேதியர் என்று அவர் அதிற் குறிப்பது ஊர் ஊராகச் சென்று போதித்த உபதேசியரை. போதிப்பவன் முதலில் எவ்வாறு வாழ வேண்டும், தன் மனத்தை எவ்வாறு பக்குவப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பனவே அந்நூலின் பொருள். அதனை எழுதிய அதே கை ‘பரமார்த்த குருவின் கதை’யையும் எழுதிற்று என்பது தற்செயலாகத் தோன்றவில்லை. ஆற்றைக் கடக்க அஞ்சும் அந்தக் குருவையும் அவருடைய ஐந்து சீடரையும் கண்டு நகைக்கும்போது, அறியாத ஆசிரியனை நம்பிய மாணவரின் கதி என்னவாகும் என்பதையும் நாம் கற்றுக்கொள்கிறோம். பேச்சுத்தமிழ் பயில வரும் அயல்நாட்டாருக்கு உதவவென்று எழுந்த அக்கதை இன்றும் அச்சாகிக்கொண்டிருக்கிறது. ஆசிரியனை ஆக்க எழுந்த நூலோ ஆராய்ச்சியாளரின் மேசையோடு நின்றுவிட்டது.

கற்பிக்க வந்தவன் முதலிற் கற்க வேண்டும் என்பதற்குத் தரங்கம்பாடி ஓர் உதாரணம். 1706-ல் அங்கு வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு, திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தம் வீட்டிலேயே பள்ளி நடத்தச் செய்து, சிறுவரோடு சிறுவராக அமர்ந்து மணலில் எழுத்தெழுதிப் பழகினார். இரண்டு ஆண்டுகளுக்குள் தாம் தேடிச் சேர்த்த தமிழ்ச் சுவடிகளுக்கு ஒவ்வொன்றாகக் குறிப்பெழுதி ஒரு நூற்பட்டியே ஆக்கிவிட்டார். நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்கள் அதில் விவரிக்கப்பட்டிருக்கின்றன. பின்னர் அவரும் அவருடைய தோழர் கிருண்டலரும், தமிழரின் சமயம், கல்வி, வைத்தியம், இல்லறம் முதலியவற்றைக் குறித்து வினாக்களை எழுதி அனுப்பி, தமிழர் பலர் வரைந்த விடைகளைப் பெற்று ஜெர்மன் மொழியில் பெயர்த்தனர். அவ்வாறு தொகுக்கப்பட்ட கடிதங்கள் 99. தம் சமயத்தைக் கற்பிக்க வந்தவர், தாம் கற்பிக்க விரும்பிய மக்களைத் தம் முன்னே மாணவராக அமர்த்தாமல், அவர்கள் முன்னே தாம் மாணவராக அமர்ந்த அருமையான சந்தர்ப்பம் அது. ஆயினும் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713-ல் அவர் எழுதி முடித்த ஆராய்ச்சி நூலை ஜெர்மனியின் ஹாலேயிலிருந்த மிஷன் மேலோர் அச்சிட விரும்பவில்லை. நூற்றைம்பதாண்டுகளுக்கும் மேலாக உறங்கிக் கிடந்து, 1867-ல்தான் அது சென்னையில் வெளிவந்தது. அயலானின் சமயத்தை ஆழ்ந்து அறிவது தம் பணிக்கு அவசியம் என்று களத்தில் நின்றவர் கருதினார். வீண் வேலையென்று தொலைவில் இருந்தவர்கள் கருதினர். பாடத்திட்டம் தொலைவிலிருந்து வரும்போதெல்லாம் இம்முரண்பாடு தோன்றியே தீரும். புதிய ஏற்பாட்டின் தமிழ்ப் பதிப்பு 1715-ல் நிறைவேறியது சீகன்பால்கின் பெருஞ்சாதனையாகக் கொண்டாடப்படுகிறது. அதற்கு அடுத்த ஆண்டே உள்ளூர் உபதேசியரைப் பயிற்றுவிக்க ஒரு பாடசாலையையும் அவர் தொடங்கினார் என்பதை அதற்கு நிகராக நாம் நினைப்பதில்லை.

வினாவிடை என்னும் வடிவத்தைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அது கிறிஸ்தவ உபதேசத்தின் தனிச்சொத்தாக நின்றுவிடவில்லை. போப்பையர் தமிழிலக்கணத்தையே வினாவிடையாக எழுதினார். பெர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்புக்குத் துணைநின்று, மிஷன் பாடசாலையின் முறைகளை உள்ளிருந்தே அறிந்த யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர், அவ்வடிவத்தைச் சைவத்தின் பாதுகாப்புக்கே ஆயுதமாக்கிச் ‘சைவ வினாவிடை’ இயற்றினார். 1848-ல் வண்ணார்பண்ணையில் அவர் தொடங்கிய சைவப் பாடசாலையும் அவருடைய ‘பாலபாட’ங்களும் ஈழத்திலும் தமிழகத்திலும் தலைமுறைகளை உருவாக்கின. ஆகவே அவ்வடிவத்தின் வலிமையை யாரும் மறுக்க முடியாது. சுருக்கம், தெளிவு, எழுத்தறியாதவரும் செவிவழியே கற்கும் எளிமை ஆகிய மூன்றும் அதற்குண்டு. அதன் குறையும் அவ்வளவு வெளிப்படையானது. வினா எப்போதும் ஆசிரியனுடையது, விடையும் ஆசிரியனுடையதே, மாணவனுக்குரியது ஞாபகம் மட்டும். தன் தகப்பனார் ஏன் இளவயதில் இறந்தார் என்றோ, தன் பள்ளித் தோழனின் தெய்வம் மெய்யா பொய்யா என்றோ ஒரு சிறுமி கேட்பாளாயின், அச்சிட்ட வரிசையில் அவ்வினாவுக்கு எண் இராது. அத்தருணத்தில் நூல் மௌனமாகிறது. உபதேசி ஒருவரே பேச வேண்டியவராகிறார். அவர் என்ன பேசுவார் என்பதே அச்சபையின் உலகநோக்கு.

நம் முன்னோருள் மேதைகளாயினோர் வினாவிடையோடு நின்றுவிடவில்லை. தஞ்சையில் சுவார்ட்ஸ் ஐயரிடம் சரபோஜி மன்னரோடு ஒருசாலை மாணாக்கராக வளர்ந்த வேதநாயக சாஸ்திரியார், ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடியபோது, குறத்தி மலைவளமும் நாட்டுவளமும் சொல்லும் பழைய மரபுக்குள், தாம் பாடசாலையிற் கற்ற பூகோளத்தையும் புதிய வானசாஸ்திரத்தையும் புகுத்திவிட்டார். சிருஷ்டிகர்த்தாவைத் துதிப்பவன் சிருஷ்டியின் அளவையும் அமைப்பையும் அறியாதிருத்தல் தகாது என்ற எண்ணம் அதில் உறைந்திருக்கிறது. திருநெல்வேலியில் உழைத்த ரேனியஸ் ஐயர் வேதாகமத் திருத்தத்தோடு 1832-ல் ‘பூமி சாஸ்திர’மும் வெளியிட்டது அதே எண்ணத்தின் வசன வடிவம். வைஷ்ணவ குலத்திற் பிறந்து, கம்பனிலே ஊறித் திளைத்து, 1858-ல் ஞானஸ்நானம் பெற்ற எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை, ஜான் பனியனின் மோக்ஷப் பிரயாணக் கதையை எடுத்துக்கொண்டு 1894-ல் ‘இரட்சணிய யாத்திரிக’மாக வெளியிட்டபோது, அயல்நாட்டுக் கதையொன்று தமிழ்க் காப்பியமாகவே மறுபிறப்பெடுத்தது. கற்றதைத் தம் மொழியின் நெஞ்சிலிருந்து மறுபடி பிறப்பிக்க வல்லவரே உபதேசி என்பதற்கு இவ்விரு கவிகளினும் வேறு சான்று வேண்டியதில்லை.

இதனால் பழமை யாவும் பொன்னென்று சொன்னதாகக் கொள்ளலாகாது. மனிதர் யாவரும் தேவசாயலாகப் படைக்கப்பட்டவர் என்னும் சரியான விடையை ஒப்புவித்த சபைகளிலேயே, அவ்விடையை ஒப்புவித்த சிறுவர் ஜாதிவாரியாகப் பிரித்து உட்கார்த்தப்பட்டனர். தஞ்சையில் 1820-களில் புதிய மிஷனரிமார் இவ்வேற்றுமையை நீக்க முனைந்தபோது, பாட்டாலும் கல்வியாலும் நாம் போற்றும் அதே சாஸ்திரியார் எதிர்ப்பக்கம் நின்று வாதாடினார். அவ்வாதத்தில் தமிழிசையையும் தமிழ் வழக்கத்தையும் காக்கும் நியாயமான கவலையும், ஜாதியாசாரத்தைக் காக்கும் நியாயமற்ற கவலையும் பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடந்தன. அவ்வாறே பிற சமயங்களை இழித்துப் பேசும் துண்டுப் பிரசுரங்கள் ஒரு காலத்தில் உபதேசச் சாதனங்களாகவே கருதப்பட்டு ஏராளமாக அச்சிடப்பட்டன. அவற்றால் விளைந்த கசப்பு இன்னும் முற்றிலும் நீங்கவில்லை. கோட்பாடு சரியாயிருந்தும் நோக்கு கோணலாயிருக்கக் கூடும் என்பதற்கு இவையே நிரூபணம். நூல் இக்கோணலைத் தானே நிமிர்த்திக்கொள்ளாது.

நிமிர்த்த முயன்றோர் இருந்தனர். 1877 முதல் மூன்று தசாப்தங்கள் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் தலைவராயிருந்த வில்லியம் மில்லர், மாணவர் ஞானஸ்நானம் பெறும் எண்ணிக்கையைக் கொண்டு கல்வியை அளக்கலாகாது என்றும், சிந்தனையில் நிகழும் மெல்லிய மாறுதலே கல்வியின் பயன் என்றும் கூறித் தம் மிஷனைச் சேர்ந்தோரின் கண்டனத்துக்கும் ஆளானார். 1938 டிசம்பரில் உலகத் திருச்சபைகளின் பிரதிநிதிகள் தாம்பரத்திற் கூடியபோது, செஞ்சையா, சக்கரை முதலிய இந்தியச் சிந்தனையாளர், மேனாட்டார் வகுத்த சட்டகங்களை அப்படியே ஏற்க மறுத்து, இந்தியாவில் கிறிஸ்தவத்தை மறுசிந்தனை செய்யும் கட்டுரைத் தொகுதி ஒன்றை அவர்கள் முன் வைத்தனர். கத்தோலிக்கருள், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் உந்துதலால் 1967-ல் பெங்களூரில் விவிலியத்துக்கும் மறைக்கல்விக்கும் வழிபாட்டுக்குமாகத் தேசிய மையம் தோன்றியபோது, அதன் முதல் இயக்குநராய் அமர்ந்தவர் தமிழராகிய டி.எஸ். அமலோர்பவதாஸ் அடிகளார். மறைக்கல்வியை மனப்பாடத்திலிருந்து மீட்டு, கற்பவரின் வாழ்வனுபவத்திலிருந்து தொடங்கும்படி செய்தல் அவருடைய வாழ்நாட் பணியாயிற்று. மதுரை அரசரடியில் 1969-ல் தோன்றிய தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராயிருந்து 2005-ல் மறைந்த தியோபிலஸ் அப்பாவு, பேச்சுத்தமிழிலும் நாட்டுப்புற மெட்டிலும் வழிபாட்டுப் பாடல்கள் இயற்றி, ஒரே உலையில் பொங்கி ஒன்றாக உண்பதைத் தம் இறையியலின் மையமாக வைத்தார். ஜாதிவாரியாகப் பிரிந்திருந்த சபைகளுக்கு நூறு கோட்பாட்டு நூல்கள் சொல்லாததை அந்த உலை சொல்லிற்று. இவர்களின் வழிகள் வேறு. எனினும் ஒவ்வொருவரும் தாமே ஒரு பாடமாக நின்றனர் என்பதில் அவர்கள் ஒன்றுபடுகின்றனர்.

இத்தகைய மரபின் வாரிசுகளாகிய நாம் இன்று செய்வதென்ன? கல்லூரி மாணவர் ஒருவரிடமோ, வேலைக்குச் செல்லும் பெண் ஒருவரிடமோ, மொழிபெயர்க்கப்பட்ட பாடப்புத்தகம் ஒன்றைக் கொடுத்து, இரண்டொரு நாள் வழிகாட்டுக் கூட்டம் நடத்தி, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒப்படைத்துவிடுகிறோம். அவர்களுடைய ஊக்கத்தையோ பக்தியையோ குறைசொல்வதற்கில்லை. வாரத்தின் ஒரே ஓய்வுநாளை அவர்கள் மனமுவந்து கொடுக்கிறார்கள். ஊதியமில்லாத் தொண்டர்களிடம் பெரும் படிப்பை எதிர்பார்ப்பது எங்ஙனம், அவர்களுடைய குறையை நல்ல பாடப்புத்தகம் நிறைவு செய்யாதா என்று கேட்போர் உளர். வினா நியாயமானதே. ஆனால் பாடப்புத்தகம் எவ்வளவு திட்டமாக ஆசிரியனுக்குச் சொற்களைப் புகட்டுகிறதோ அவ்வளவுக்கு அவனைச் சிந்தனையினின்றும் விடுவித்துவிடுகிறது. ஆண்டுகள் பல அப்புத்தகங்களை வாசித்துக் காட்டிய பின்பும், மேலே குறித்த சிறுமியின் வினாவுக்கு முன்னே அவன் வெறுங்கையோடுதான் நிற்பான். மேலும், வேறொரு நாட்டுப் பெற்றோரின் அச்சங்களை மனத்திற் கொண்டு, அங்குள்ள பொதுப்பள்ளிகளோடும் அரசியலோடும் வாதிடுவதற்காக எழுதப்பட்ட அத்தியாயங்கள், பெயர்களை மட்டும் மாற்றிக்கொண்டு நம் குழந்தைகளின் கையில் வந்து சேரும்போது, இங்கில்லாத பகைவரோடு போரிடவும் இங்குள்ள அநீதியைக் காணாதிருக்கவும் அவை பழக்கிவிடும் அபாயமும் உண்டு.

ஆதலின் சபைகளும் மறைமாவட்டங்களும் சிந்திக்க வேண்டிய காரியங்கள் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறோம். முதலாவது, தேயோகிராத்தியாஸுக்கு அகுஸ்தினார் எழுதியதும் வேதியருக்கு வீரமாமுனிவர் எழுதியதும் இக்காலத் தமிழ் வசனத்தில், தக்க முன்னுரையோடும் குறிப்புகளோடும், எளிய விலையில் ஒவ்வோர் ஆசிரியர் கையிலும் கிடைக்க வேண்டும். தரங்கம்பாடிக் கடிதங்களும் அவ்வாறே வெளிவரல் வேண்டும். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் தம் வாழ்க்கையைத் தாமே விவரித்த தமிழரின் குரல், அயல்சமயத்தாரைப் பற்றிப் பாடம் சொல்லப் போகும் ஒருவருக்குப் பணிவைக் கற்பிக்கும். இரண்டாவது, மாணவர் உள்ளபடி கேட்கும் வினாக்களைச் சபைதோறும் எழுதித் தொகுத்து, அவற்றைச் சுற்றி ஆசிரியர் மாதந்தோறும் கூடி ஆராயும் வழக்கம் ஏற்பட வேண்டும். முடிந்த முடிபுகளை விட, ஒரு வினாவை எத்தனை கோணத்தில் நோக்கலாம் என்பதை அக்கூட்டங்கள் பழக்க வேண்டும். மூன்றாவது, சைவரையும் வைணவரையும் இஸ்லாமியரையும் பற்றிய பாடம், அவரவர் தம்மை அறிந்துகொள்ளும் முறையிலே, அவரவரிடமிருந்தே கேட்டு எழுதப்படுதல் வேண்டும். நான்காவது, ஜாதி சபைக்குள் புகுந்த சரித்திரத்தை மறைக்காமல் பாடத்தில் வைத்தல் வேண்டும். வீழ்ச்சி என்னும் கோட்பாட்டுக்கு ஏதேன் தோட்டத்தில் மட்டும் உதாரணம் தேடும் ஆசிரியர், தம் கல்லறைத் தோட்டத்தை ஜாதிவாரியாகப் பிரிக்கும் சுவரைக் காணத் தவறியவராவார். கடைசியாக, ஆண்டு வரவு செலவில் கட்டடத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் ஒதுக்கும் தொகைக்கு அருகிலாவது உபதேசியரின் படிப்புக்கும் நூலகத்துக்குமான தொகை நிற்கட்டும். பாதரக்ஷைப் பணத்தைக் கேட்டு வாங்கிய சவேரியாருக்கு இருந்த முன்யோசனை, நிலையான வருமானமுடைய நம் ஸ்தாபனங்களுக்கு இல்லாமற் போவது பொருந்தாது.

இவையெல்லாம் ஒரு சமூகத்தாரின் உள்வீட்டு விவகாரங்கள், ஏனையோர்க்கு இவற்றில் என்ன பற்று என்று வாசகர் சிலர் கருதக்கூடும். ஒரே தெருவில் ஆலயமும் கோயிலும் பள்ளிவாசலும் அமைந்திருக்கும் நாட்டில், அடுத்த வீட்டுக் குழந்தைக்கு என்னைப் பற்றி என்ன சொல்லித் தரப்படுகிறது என்பது என் விவகாரமும் ஆகும். சமயக் கல்வி ஒழிந்துவிட்டால் இச்சிக்கலும் ஒழியும் என்போர், நோக்கு எதுவுமின்றி ஒரு குழந்தை வளர முடியும் என்று நம்புகின்றனர். பெற்றோரும் ஆசிரியரும் வாளாவிருக்கும் இடத்தில் விளம்பரமும் வதந்தியும் கட்சிக்கூச்சலும் உபதேசம் செய்யத் தொடங்கிவிடுகின்றன என்பதே அனுபவம். எந்தச் சமயத்தாராயினும் தம் பிள்ளைகளுக்குத் தம் நோக்கைக் கற்பிக்கட்டும். அதனைக் கற்றறிந்த, கேள்விக்கு அஞ்சாத, அயலானை நேரில் அறிந்த ஆசிரியரைக் கொண்டு கற்பிக்கட்டும் என்று கேட்கும் உரிமை நம் எல்லோருக்கும் உண்டு. அந்த வகையில், தமிழ்க் கிறிஸ்தவர் தம் உபதேசியரை மீண்டும் ஆக்கத் தொடங்குவாராயின், அம்முயற்சி அவர்கள் சபைக்கு மட்டும் ஆதாயமாக நின்றுவிடாது. நாவலர் ஒருகால் மிஷன் பாடசாலையினின்று வினாவிடை முறையை எடுத்துக்கொண்டதுபோல, நல்லாசிரியரை உருவாக்கும் முறையையும் ஏனைச் சமயத்தார் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். நூல்களை வெளியிடும் பொறுப்பிலிருப்போர், அடுத்த பாடப்புத்தகத்தை அச்சுக்கு அனுப்புமுன், அதனைக் கற்பிக்கப் போகிறவர் யார், அவருக்கு நாம் என்ன கற்பித்தோம் என்னும் இரண்டு வினாக்களுக்கும் விடையெழுதி வைத்துக்கொள்வாராக.